சைக்கிள் சீற்றால் வரும் புண்: நோகிற இடத்தை வைத்துப் பிழையைப் பிடிப்பது

நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை போய்வருகிறவர்களும், விடியப்புறம் கந்தளாய்க்கு மிதித்துவிட்டு வெயில் ஏறமுன் திரும்புகிறவர்களும் பின்பக்கம் புண்ணானால் முதலில் தேடுவது கிறீம். கிறீம் கடைசி வேலை. புண் சரியாக எந்த இடத்தில், எத்தனையாவது கிலோமீற்றரில் தொடங்குகிறது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால், சைக்கிளில் எந்த நட்டைத் தொட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அறைக் கதவைப் பூட்டி, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்திப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

திருகோணமலைப் பக்கத்தில் இதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. எங்கள் ரோட்டுகள் தட்டை. மலைநாட்டில் ஓடுகிறவர் ஏற்றத்தில் எழும்பி நின்று மிதிப்பார், இறக்கத்தில் பெடலில் நின்றபடி இறங்குவார். நசுங்கிக் கிடந்த தோலுக்கு அப்போது இரத்தம் போய்வரும். இங்கே சீற்றில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம் எழும்பத் தேவையே வராது. அதோடு கச்சான். ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று, கந்தளாய் போகும்போது நேரே முகத்தில் விழும். ஆள் குனிவார், முன்னுக்கு வழுக்குவார், பாரம் முழுக்கச் சீற்றின் மூக்கில் இறங்கும். திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்க வலு தேவையில்லை, ஆனால் வலுவாக மிதிக்கும்போது கால் தாங்குகிற பாரமும் சேர்ந்து சீற்றுக்கு வரும். காற்றுப் படாததால் வியர்வையும் காயாது. போகும்போது ஓரிடமும் வரும்போது வேறோரிடமும் நோவது இதனால்தான்.

ஆகவே எந்தப் புண்ணாக இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவான மருந்து ஒன்று: 10 நிமிடத்துக்கு ஒரு தரம் 15 முதல் 20 செக்கன் வரை எழும்பி நின்று மிதியுங்கள். நினைவு வராவிட்டால் ரோட்டோரக் கிலோமீற்றர்க் கட்டையைக் கணக்கு வையுங்கள், மூன்று கட்டைக்கு ஒரு தரம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம். சிவப்பு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பரவுவது (பேனையால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்). மலவாசலுக்குப் பக்கத்தில் கட்டி. சிறுநீர் போகக் கஷ்டம். பார்வைக்குச் சின்னதாக இருந்தும் தாங்கமுடியாத நோ, தோல் கறுத்துப் போவது, கெட்ட மணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. கடைசியாகச் சொன்ன மூன்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அந்த இடத்துத் தொற்று ஆழமாக இறங்கினால் மிக வேகமாகப் பரவும். சீனி வருத்தம் உள்ளவர்கள் சாதாரணக் கட்டியைக்கூட இரண்டாம் நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

தொடையின் உட்பக்கம் எரிகிறது, தோல் சிவந்து பளபளக்கிறது

இது உரஞ்சல். இன்னும் தொற்று இல்லை. தண்ணீர் பட்டவுடன் சுரீர் என்று எரிவதுதான் அடையாளம்.

முதல் குற்றவாளி உடுப்பு. சாதாரணக் காற்சட்டையைப் புறம் திருப்பிக் கவட்டுப் பகுதியைப் பாருங்கள். முன் தையல், பின் தையல், இரண்டு கால் தையல் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்து, மிளகு அளவு முடிச்சாக நிற்கும். அந்த முடிச்சுக்குக் கீழே சீற், மேலே தோல். நிமிடத்துக்கு 80 தரம் மிதித்தால் ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொரு தொடையும் 4800 தரம் அதில் உரஞ்சும். உள்ளே ஜட்டியும் போட்டிருந்தால் அதன் இலாஸ்ரிக் விளிம்பு இன்னொரு அரம். மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை போடுகிறவர்கள் ஜட்டியைக் கழற்றிவிட வேண்டும். அது நேரே தோலில் படுவதற்கென்றே தைக்கப்பட்டது. இதைச் சொன்னால் பலர் முகம் சுழிப்பார்கள். சுழித்தாலும் கழற்றுங்கள்.

காற்சட்டை சரியாக இருந்தும் எரிந்தால் சீற் உயரத்தைப் பாருங்கள். உயரம் கூடினால் கால் பெடலுக்கு எட்டுவதற்காக இடுப்பு இரு பக்கமும் ஆடும், ஆட்டம் தொடையிடுக்கில் முடியும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருந்து, ஓடும்போது போடுகிற சப்பாத்துடன் குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே போகும்போது முழங்கால் சரியாக நேராக வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. சரிந்தால் 5 மில்லிமீற்றர் இறக்கி, இரண்டு ஓட்டம் பார்த்து, தேவையென்றால் இன்னொரு 5. ஒரே நாளில் இரண்டு சென்ரிமீற்றர் இறக்கினால் புண் ஆறும், முழங்கால் பிடிக்கும்.

சீற்றின் மூக்கு தடிப்பாக இருந்தாலும் இதே எரிவு வரும். பழைய லுமாலா சைக்கிளின் அகலச் சீற் சந்தைக்குப் போய்வர அருமையானது. நிமிர்ந்து இருக்கிறவருக்குச் செய்த அந்தச் சீற்றில் குனிந்து 60 கிலோமீற்றர் மிதித்தால் அதன் ஓரம் தொடையை அறுக்கும். ரெக்சின் வெடித்த சீற்றென்றால் வெடித்த விளிம்பு மடங்கி நிற்கிற பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் எரிகிற பக்கமும் அதுவாகவே இருக்கும்.

நிலாவெளியில் கடலில் இறங்கிவிட்டு அதே ஈர உடுப்போடு திரும்பி மிதிப்பது இந்த ஊருக்கே உரிய பிழை. உப்பு காய்ந்து மணியாகும், மணல் மெத்தைக்குள் புகும், 15 கிலோமீற்றர் மண்கடதாசி போட்டுத் தேய்த்த மாதிரி. நல்ல தண்ணீரில் உடம்பை அலசி, மாற்று உடுப்புப் போடாமல் ஏறவேண்டாம்.

மருந்து எளிது. வாசனையில்லாத சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும், ஒத்தித் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, துத்தநாகக் களிம்பு (குழந்தைகளின் நப்பிச் சிவப்புக்குப் பூசுவது) மெல்லிய படையாக. இரவில் சாரம். தோல் சிவப்பு மட்டும் என்றால் ஒரு நாள் விட்டு ஓடலாம். தோல் கழன்று ஈரம் கசிந்தால், புதுத் தோல் மூடி விரலால் தொட்டால் நோகாத வரை சைக்கிள் இல்லை. வழக்கமாக மூன்று முதல் ஐந்து நாள். ஸ்பிரிற், ஹைட்ரஜன் பெரொக்சைட், தலையிடிக்குப் பூசுகிற பாம் எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது. கழன்ற தோலில் ஆறவந்த கலங்களையும் சேர்த்தே அவை சுடும்.

ஓடமுன் பூசுவதற்கு: தேங்காயெண்ணெய் முதல் 20 கிலோமீற்றருக்கு நன்றாக வேலை செய்யும், பிறகு துணி குடித்துவிடும். வாசலின் நிற்கும், ஆனால் மெத்தையில் பிடித்தால் தோய்த்தாலும் போகாது, அடுத்த தடவை அழுக்கையும் பிடித்து வைக்கும். சைக்கிள்காரருக்கென்று விற்கிற கிறீம் இவற்றை விட நல்லது. பாமசியில் வாங்குகிற வாசனையற்ற துத்தநாகக் களிம்பு கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், துணியில் வெள்ளை படியும் என்பதுதான் குறை. அளவு ஒரு கொட்டைப்பாக்கு. தோலிலும், மெத்தை தோலில் முட்டுகிற விளிம்பிலும்.

பின்பக்கத்து இரண்டு எலும்பும் குத்துகிறது, காயம் ஒன்றுமில்லை

புதிதாகத் தொடங்கியவருக்கும் நீண்ட நாள் விட்டுத் தொடங்கியவருக்கும் முதல் இரண்டு கிழமை இது இயல்பு. ஒன்று விட்டு ஒரு நாள் 15, 20 கிலோமீற்றர் ஓடி, கிழமைக்குப் பத்துச் சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் போனால் தானாகப் போய்விடும். மூன்று கிழமைக்குப் பிறகும் குத்தினால் சீற்றின் அகலம் உங்கள் எலும்புக்குப் பொருந்தவில்லை.

அளப்பதற்குக் கடை தேவையில்லை. பிஸ்கற் பெட்டியின் நெளி மட்டையில் இரண்டு சாண் சதுரமாக வெட்டி, சீமெந்துப் படியில் வைத்து, மெல்லிய சாரமோ காற்சட்டையோ உடுத்தபடி அதன்மேல் இருங்கள். முதுகைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்து, குதிக்காலைத் தூக்கி, இரண்டு கையாலும் படியின் அடியைப் பிடித்து உங்களைக் கீழே இழுங்கள். ஒரு நிமிடம். எழும்பி, வெண்கட்டியைப் படுக்கையாகப் பிடித்து மட்டைமேல் தேய்த்தால், எலும்பு அமுங்கின இரண்டு குழி மட்டும் வெள்ளை படாமல் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளவுகோலை வையுங்கள். ஆண்களுக்கு 100 முதல் 140 மில்லிமீற்றருக்குள்ளும், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடியும் வருவது வழக்கம். ஆள் பருமனா மெலிவா என்பதை வைத்து ஊகிக்க முடியாது. அந்த அளவோடு 20 முதல் 25 மில்லிமீற்றர் கூட்டினால், குனிந்து ஓடுகிறவருக்குத் தேவையான சீற் அகலம். நிமிர்ந்து ஓடுகிறவருக்கு இன்னும் கொஞ்சம்.

குத்துகிறது என்றவுடன் ஜெல் உறை வாங்கிப் போடுவதுதான் பலர் செய்கிற வேலை. மெத்தை தடிக்கத் தடிக்க எலும்பு உள்ளே புதைந்து, எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மென்சதைதான் பாரத்தைத் தாங்கத் தொடங்கும். எலும்பு நோவுக்குப் பதிலாக மரத்துப் போதல் வரும். அரை மணித்தியாலத்துக்கு மெத்தை சுகம், மூன்று மணித்தியாலத்துக்குச் சரியான அகலமுள்ள கடினமான சீற்றுத்தான் சுகம்.

ரயர் காற்றையும் ஒரு தரம் பாருங்கள். பக்கத்தில் அச்சிட்ட ஆகக்கூடிய அளவுக்கு அடித்து ஓடுகிறவர்கள் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. குறைத்தாலே ரோட்டு அதிர்வு குறைந்து தெரியும்.

முன்பக்கம் மரத்துப் போகிறது

தோலில் ஒன்றும் தெரியாது. 30, 40 நிமிடத்தில் உணர்ச்சி குறையும், இறங்கி நின்றால் ஊசி குத்துகிற மாதிரித் திரும்பி வரும். கவட்டின் நடுவால் போகிற நரம்பும் இரத்தக் குழாயும் சீற்றின் மூக்கில் நசிகின்றன. பொறுத்துக்கொண்டு ஓடக்கூடாத ஒன்று இருந்தால் அது இதுதான்.

சீற்றின் மேற்பரப்பைப் பாருங்கள். பின்பக்கம் அகலமான இடம் புதிதாக இருந்து மூக்குப் பக்கம் மட்டும் தேய்ந்து மினுங்கினால், நீங்கள் சீற்றில் இருக்கவில்லை, அதன் முனையில் தொங்குகிறீர்கள். காரணம் பெரும்பாலும் ஹாண்டில் தூரம் அல்லது தாழ்வு. ஹாண்டிலை ஒரு சென்ரிமீற்றர் உயர்த்துங்கள், இல்லையென்றால் ஹாண்டிலைப் பிடித்திருக்கிற தண்டைக் குறுகியதாகப் போடுங்கள். சீற்றை முன்னுக்குத் தள்ளி இதைச் சரிசெய்ய வேண்டாம். சீற்றின் இடத்தை முழங்கால்தான் தீர்மானிக்க வேண்டும். பெடல் இரண்டும் கிடையாக நிற்கும்போது முன்கால் முழங்காலிலிருந்து தொங்கவிட்ட நூற்குண்டு பெடல் அச்சுக்கு மேலே விழுந்தால் சரி.

அடுத்தது சரிவு. சைக்கிளை மட்டமான இடத்தில் நிறுத்தி, சீற்றின் மேல் நீளவாட்டில் ஒரு தடித்த மட்டைப் புத்தகம், அதன்மேல் போனில் மட்டம் பார்க்கிற செயலி. மூக்கு மேலே நின்றால் கட்டாயம் இறக்குங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்கி, மரத்துப் போவது நிற்கும் வரை அரைப் பாகை அரைப் பாகையாகக் கீழே. 3 பாகைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் உடம்பு முன்னுக்கு வழுக்கி, அதைத் தடுக்கக் கை நோகும், வழுக்கல் புதிய உரஞ்சலையும் கொண்டுவரும். பழைய மாதிரிச் சீற் கிளிப்பில் பற்கள் இருப்பதால் அரைப் பாகை கிடைக்காது, ஒரு பல் தாண்டினால் சரிவு சட்டென்று மாறும். இரண்டு பற்களுக்கு நடுவே நிறுத்தி இறுக்கினால் நூறு மீற்றரில் தளர்ந்துவிடும். அலன் ஆணியால் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிற சீற் பைப் மாட்டுவது நல்ல முதலீடு. வாங்கமுன் பைப்பின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், 25.4, 27.2 என்று பல அளவு உண்டு.

இவ்வளவும் செய்து போதாவிட்டால் நடுவில் வெட்டுள்ள சீற். உணர்ச்சி அன்றைக்கே முழுமையாகத் திரும்பாவிட்டாலோ, ஆண்களுக்கு விறைப்பில் குறை தெரிந்தாலோ சைக்கிளை நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள்.

பெண்களுக்கு இதே நசிவு வீக்கமாக வரும், சில வேளை ஒரு பக்கம் மட்டும். நீளமான வெட்டுள்ள, மூக்குக் குட்டையான, பின்பக்கம் அகலமான சீற் உதவும். மாதவிடாய் நாளில் நப்கினின் பக்க விளிம்பு சைக்கிள் மெத்தையோடு சேர்ந்து அறுக்கும். ஓட்டத்தைச் சுருக்குவது அல்லது மாதவிடாய்க் கிண்ணம் பழகியிருந்தால் அதைப் பாவிப்பது. வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியாவிட்டால் பெண் வைத்தியர் ஒருவரிடம் காட்டுங்கள். சைக்கிளால் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குக் காரணம் பிடிபடாது.

ஒரு பக்கம் மட்டும்

இதை மருந்தால் மாற்ற முடியாது. எங்கோ ஏதோ கோணி நிற்கிறது. சீற்றின் மூக்கு நுனியிலிருந்து பின்பக்க நடுவுக்கு ஒரு நூல் பிடித்து, அது சைக்கிளின் மேல் பைப்போடு ஒரே கோட்டில் வருகிறதா என்று மேலிருந்து பாருங்கள். பின்னால் போய்க் குந்தி, சீற்றின் இரண்டு தோளும் ஒரே உயரமா என்று பாருங்கள். சுருள்கம்பி வைத்த சீற்றென்றால் இரண்டு பெருவிரலாலும் ஒரே நேரத்தில் அமத்துங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒரு கம்பி உடைந்தோ தளர்ந்தோ இருந்தால் கை உடனே சொல்லும். பிறகு பெடலை வெறுமையாகச் சுழற்றுங்கள். விழுந்த சைக்கிளில் பெடல் அச்சு வளைந்திருந்தால் பெடலின் முகம் ஆடும்.

சைக்கிள் நேராக இருந்தால் பின் பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பேர்ஸ். இது பகிடியில்லை.

எதுவும் இல்லையென்றால் ஒரு கால் கட்டையாக இருக்கலாம். கட்டையான காலுக்கு எட்டுவதற்காக இடுப்பு அந்தப் பக்கம் சாய்வதால் புண் பெரும்பாலும் அதே பக்கம் வரும். நீளமான காலை வைத்துச் சீற் உயரம் போட்டிருப்பீர்கள். கட்டைக் காலை வைத்துப் போடுங்கள். அது போதாவிட்டால் பிசியோதெரபி தெரிந்தவரிடம் அளந்து சப்பாத்துக்குள் தட்டு வைப்பது.

மயிர்க்காலில் சின்னச் சின்னப் பரு

சிவப்புப் புள்ளி, நுனியில் வெள்ளை, தொட்டால் நோகும். வியர்வையில் ஊறி மெலிந்த தோலுக்குள் கிருமி மயிர்த்துளை வழியே இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பழக்கத்தில் ஒன்று காரணம்: சவரம் செய்தது, அல்லது ஓட்டம் முடிந்தும் ஈரக் காற்சட்டையோடு தேத்தண்ணிக் கடையில் முக்கால் மணித்தியாலம் இருந்தது. மயிரைக் கத்தரியால் அரை சென்ரிமீற்றருக்குக் குறைக்கலாம், வழிக்கக் கூடாது. வழித்த மயிர் முளைக்கும்போது தோலுக்குள் மடங்கி வளர்ந்து ஒவ்வொன்றும் ஒரு பருவாகும்.

ஓட்டம் முடிந்து கால்மணித்தியாலத்துக்குள் உடுப்பு மாற்றுங்கள். பருவுக்குச் சுடுதண்ணித் துணி ஒத்தடம் நாளுக்கு மூன்று தரம். பென்சோயில் பெரொக்சைட் 2.5 அல்லது 5 சதவீத ஜெல் இரவில் பருவின் மேல் மட்டும், மென்சவ்வில் படாமல். துவாயையும் காற்சட்டையையும் அது வெளிற வைக்கும், பழைய சாரத்தை உடுத்துங்கள். மூன்று நாளில் காய்ந்துவிடும். மரப்புக் கிறீம் பூசிக்கொண்டு ஓடுவது ஆகவும் கூடாத வேலை. நோ தெரியாமல் பருவைக் கட்டியாக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவீர்கள்.

கட்டி

விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். மேலே சிவந்து சூடாக, நடுவில் மெத்தென்று இருந்தால் சீழ் கட்டி. ஆழத்தில், தோலோடு ஒட்டாமல், சூடில்லாமல், கல்லுப் போல இருந்தால் அது வேறு. அதை அடுத்ததில் பார்க்கலாம்.

சீழ்க்கட்டி என்றால் அன்றோடு சைக்கிள் நிற்க வேண்டும். சுத்தமான துணியைக் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் நனைத்து 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு நான்கு தரம். துணி ஆறினால் மாற்றுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் ஆறும் என்று போகிறவர்கள் உண்டு. சூடு நல்லதுதான், ஆனால் பலர் குளிக்கிற இடத்துக்குச் சீழ்ப் புண்ணோடு போவது உங்களுக்கும் கூடாது, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கூடாது. வீட்டுக் கேத்தில் தண்ணீருக்கு அதே சூடு உண்டு.

பிதுக்க வேண்டாம். சீழ் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவது கையில் காலில் வந்த கட்டிக்கு ஊரில் பழக்கம். கவட்டுத் தோல் மெல்லியது, சுண்ணாம்பு அதைச் சுட்டுவிடும். வீட்டில் மிச்சம் கிடக்கிற அமொக்சிசிலின் குளிசையையும் எடுக்க வேண்டாம். கட்டியை உண்டாக்குகிற கிருமி வழக்கமாக அந்த மருந்தை உடைத்துவிடும், உங்களுக்கு வயிற்றோட்டந்தான் மிச்சம்.

தானாக உடைந்தால்: ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இரண்டு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்த நீரால் கழுவி, உலர்ந்த கோஸ் வைத்து, நாளுக்கு இரண்டு தரம் மாற்றுங்கள். கடலோரக் கிணற்று உவர்த் தண்ணீரை உப்புத்தானே என்று பாவிக்கக் கூடாது. துவாய் தனி, கை சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். மூன்றாம் நாளும் உடையாவிட்டால், அல்லது ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெருத்தால், வைத்தியர் கீறிச் சீழ் எடுப்பார். கீறினபின் முழுதாக மூடும் வரை, ஒரு கிழமையோ இரண்டோ, சீற்றில் இருக்கவேண்டாம். அயர்லாந்தின் சைக்கிள் வீரர் ஷோன் கெல்லி 1987 ஸ்பெயின் சுற்றோட்டத்தில் முதலிடத்தில் நின்றபடியே இந்தக் கட்டியால்தான் விலகினார், முடிய மூன்று நாள் இருக்கும்போது. அடுத்த வருடம் வந்து வென்றார். நமது ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒரு கிழமை பொறுக்கும்.

கல்லுப் போன்ற கட்டி

சிவப்பில்லை, சீழில்லை, கவட்டின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தோலுக்குக் கீழே நின்று மாதக்கணக்கில் போகாது. வருடக்கணக்காக ஒரே இடம் நசிந்ததால் உள்திசு தடித்துப் போனது. ஒத்தடத்துக்கு மசியாது. ஸ்கான் எடுத்து வேறொன்றுமில்லை என்று உறுதிப்படுத்தியபின் வைத்தியர் ஊசியோ சத்திரசிகிச்சையோ சொல்வார். சீற்றை மாற்றாமல் வெட்டி எடுத்தால் திரும்ப வரும்.

புண் இல்லை, கடி மட்டும்

தொடையிடுக்கில் வளையமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடு வெளிறி, வியர்த்தால் கடி கூடினால் படர்தாமரை. குளோற்றிமசோல் 1 சதவீதக் கிறீம் நாளுக்கு இரண்டு தரம், ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் வரை. மறைந்தபின்னும் ஒரு கிழமை, இரண்டு கிழமை பூச வேண்டும், பெரும்பாலோர் கடி நின்ற நாளோடு நிறுத்தி அடுத்த மாதம் திரும்ப வருவார்கள். கடையில் ‘கடிக்கு நல்லது’ என்று தருகிற ரியூப்பில் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த ஸ்ரீரொயிட்டு கடியை இரண்டு நாள் அடக்கி, பூஞ்சணத்தை இரண்டு மடங்கு பரப்பும். கால் விரலிடுக்கையும் பாருங்கள். சப்பாத்துக்குள் வளர்ந்த சேற்றுப்புண்தான் பல நேரம் காற்சட்டை போடும்போது மேலே ஏறுகிறது. முதலில் சொக்ஸ், பிறகு காற்சட்டை.

மெத்தையின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் சவர்க்காரத் தூள் மாறியிருக்கும். குண்டூசித் தலை அளவில் நிறையப் புள்ளி என்றால் வியர்க்குரு; குளித்து, காற்றாடி, இரண்டு நாள் இறுக்கமான உடுப்பு இல்லாமல் இருந்தால் போதும்.

ஆறின இடத்திலேயே திரும்ப

காற்சட்டையைப் பாருங்கள். மெத்தையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசித்து விடுங்கள். உடனே எழும்பாமல் அமுங்கியே நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. விளிம்பில் பசை கழன்று சுருண்டிருக்கிறதா என்றும் தடவுங்கள், சுருண்ட இடம் பழைய புண்ணுக்கு நேரே வரும். தோய்க்கும்போது துணி மெதுவாக்கி ஊற்ற வேண்டாம், மெத்தை வியர்வை உறிஞ்சாமல் போகும். புறம் திருப்பி வெயிலில் போடுங்கள்.

ஏ15 வழியாக மட்டக்களப்புக்கோ, ஏ12 இல் அனுராதபுரத்துக்கோ போய்த் தங்கி அடுத்த நாள் திரும்புகிறவர்களுக்கு இரண்டு காற்சட்டை வேண்டும், இரண்டும் வேறு வேறு தையலாக இருந்தால் நல்லது. ஒரே கோடு இரண்டு நாளும் ஒரே இடத்தில் படாது. ஐப்பசியிலிருந்து தை வரை மாரியில் இரவோடு துணி காயாது. தோய்த்த காற்சட்டையை உலர்ந்த துவாயின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, அதன்மேல் ஏறிக் காலால் மிதியுங்கள். துவாய் தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு மின்விசிறிக்கு நேரே, மெத்தை வெளிப்பக்கமாகக் கட்டுங்கள். விடிய நாலு மணிக்குக் கையை வைத்துப் பார்த்து, மெத்தையின் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருந்தால் அது காயவில்லை. மற்றதைப் போடுங்கள்.